புகையிலிருந்து மஞ்சள் விளக்குக்கு: லாரியின் நோயை யார் படிப்பது?

பழைய லாரியின் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆயில் பிரஷர் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர், பிரேக்குக்கான ஏர் பிரஷர் மீட்டர், பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டும் ஆம்பியர் மீட்டர். அவ்வளவுதான். அதிலும் பாதி முள் அசையாது. இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று தெரியணும்னா டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். விளக்கு அங்கேதான் இருந்தது, சைலன்சர் முனையில்.

கருப்புப் புகை வந்தால் உள்ளே போகும் காற்றுக்கு மிஞ்சி டீசல் போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம், பம்ப்பை யாரோ ஏற்றி வைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து போயிருக்கும். வெள்ளைப் புகை கொஞ்சம் சிக்கலானது. எரியாத டீசலும் வெள்ளையாக வரும், ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினாலும் வெள்ளையாக வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மெக்கானிக்குக் கண் போதாது, மூக்கும் வேணும். டீசல் வாடை அடித்தால் ஒன்று, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் இன்னொன்று.

ஆறு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டராக இருந்தால் சத்தம் மாறும், இன்ஜின் உதறும். செத்த சிலிண்டராக இருந்தால் ஒரு மாற்றமும் இருக்காது. 13, 14 வயதில் பட்டறைக்கு வரும் பையன் முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. மென்பொருள்காரன் கண்ணில் பார்த்தால், இது ஒரு மாட்யூலை நிறுத்திவிட்டு சிஸ்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. நாங்கள் இதற்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறோம்.

இந்த மொழி மொத்தமும் ஏறக்குறைய இருபது வருஷத்தில் மாறிப்போனது. இப்போது புகை வருவதில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது, உள்ளே ஒரு எண் பதிவாகிறது. இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது, நடுவில் என்னென்ன நடந்தது, அது சேலம் – நாமக்கல் பக்கம் யாரை எப்படித் தொட்டது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வந்தேன். அதைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

ஏன் நாமக்கல்? நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அது லாரிக்காரர்கள் ஊர். மழை குறைந்த மேட்டு நிலம், கிணற்றை நம்பிய விவசாயம், அதில் கிடைத்ததைப் போட்டு ஒரு லாரி என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், நாமக்கல்லில் லாரி, டிரெய்லர், கேஸ் டேங்கர் என்று பிரிந்து வளர்ந்தது. தென்மாநிலங்களில் சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் உரிமையாளர்களின் சங்கத்துக்குத் தலைமையிடம் இங்கேதான். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வண்டி வரும். பாடி கட்டுபவர், பெயின்டர், லேத், ஸ்பிரிங் பட்டை கம்மியர், ஆட்டோ எலக்ட்ரீசியன், பம்ப் ரூம், நாசில் டெஸ்டர் என்று ஒரு முழு உலகம் அதைச் சுற்றி இருக்கிறது.

இந்த உலகம் பழகியது இரண்டே இரண்டு குடும்பத்து இன்ஜின்களோடு. ஒன்று 1954ல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோவும் டெய்ம்லர்-பென்ஸும் சேர்ந்து ஆரம்பித்த வண்டிகளின் வழி வந்தது. அதனால்தான் வயதான டிரைவர்கள் இன்னும் 'பென்ஸ் லாரி' என்கிறார்கள். இன்னொன்று எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்தது. இரண்டிலும் பெரும்பாலும் டீசலை அளந்து விட்டது பெங்களூர் மைக்கோ கம்பெனி செய்த பாஷ் வகை பம்ப். அந்தப் பம்ப்பில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கேம், பிளஞ்சர், ஸ்பிரிங், கவர்னர் எடை, அவ்வளவும் இரும்பு. பிரித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைக் கையால் சரிசெய்யலாம். இந்த ஊர் மெக்கானிக்கின் திறமை முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல் நின்றது.

இப்போது கலிபோர்னியா போய்விட்டு வருவோம்.

1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மேல் பழுப்பு நிற மூட்டம் கவிய ஆரம்பித்தது. கண் எரிந்தது, பயிர் கருகியது. ஆலைகள்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்கு எந்த வேதிப்பொருள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஹேகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார வேதியியலாளர், அதே கருவிகளை வைத்து நகரக் காற்றைச் சோதித்தார். கார் புகையிலும் எண்ணெய் ஆலைகளிலும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்னபோது பலர் ஒத்துக்கொள்ளவில்லை. 1967ல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே.

வாரியத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. புதுக் கார் சோதனைக் கூடத்தில் பாஸ் ஆகிவிடும். ஐந்து வருஷம் கழித்து அதன் ஆக்சிஜன் சென்சார் செத்துப்போனால் யாருக்குத் தெரியும்? கார் ஓடும், ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் புகை பல மடங்கு போகும். இதற்கு அவர்கள் கண்ட வழிதான் நம் கதை: காரே தன்னைக் கண்காணித்து, கெட்டுப்போனால் தானே சொல்லட்டும்.

அதற்கான அடித்தளம் கம்பெனிகளிடமே இருந்தது. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் வைத்தது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட். அதில் 'ஏ', 'பி' என்ற இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து சாவியைப் போட்டால் 'செக் இன்ஜின்' விளக்கு மினுக்கும். ஒரு மினுக்கு, ஒரு இடைவெளி, இரண்டு மினுக்கு என்றால் கோட் 12. இன்ஜின் சுற்றாமல் இருப்பதால் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். அதாவது கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு அது வணக்கம். அதன்பிறகு உண்மையான கோளாறுகளின் எண்களை மினுக்கும். ஸ்கேனர் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். இவ்வளவு ஜனநாயகமான ஒரு ஏற்பாடு பிறகு வரவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு மொழி. கலிபோர்னியா 1988 மாடல் கார்களிலிருந்து கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அதில் பொது மொழி இல்லாததால் 1989ல் இரண்டாவது விதியைக் கொண்டுவந்தார்கள். அதுதான் ஓ.பி.டி.2. 1994ல் ஆரம்பித்து 1996க்குள் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம் ஆனது. எல்லோருக்கும் ஒரே 16 முனை சாக்கெட், எல்லோருக்கும் ஒரே கோட் பட்டியல். இன்று சேலம் ஐந்து ரோட்டில் நிற்கும் எந்தக் காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே கைவிட்டுத் தடவினாலும் அந்த சாக்கெட் தட்டுப்படும்.

கோடில் முதல் எழுத்து 'பி' என்றால் இன்ஜின், கியர் பக்கம். அடுத்த எண் சைபர் என்றால் உலகத்துக்கே பொது, ஒன்று என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்லமுடியாதபடி தாறுமாறாக மிஸ்ஃபயர் ஆகிறது. பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு தடவை தப்பு தெரிந்த உடனே விளக்கு எரியாது. பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தப்பு தெரிந்தால்தான் எரியும். பிறகு மூன்று ஓட்டம் சரியாக இருந்தால் தானே அணைந்துவிடும். கோட் மட்டும் 40 தடவை இன்ஜின் சூடாகி ஆறும்வரை நினைவில் இருக்கும். விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மினுக்குவதற்கும் வித்தியாசம் உண்டு. மினுக்கினால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஓரம் கட்டவேண்டிய நேரம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகணும். இந்த விளக்கு இன்ஜினுக்காக வைத்ததல்ல, காற்றுக்காக வைத்தது. இன்ஜின் நன்றாக ஓடும்போதும் அது எரிவதற்குக் காரணம் இதுதான். 'வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் எதுக்கு லைட்?' என்ற கேள்வி இதைத் தெரியாததால் வருவது. அதேபோல கோட் என்பது எந்தப் பொருளை மாற்றணும் என்ற பட்டியலும் அல்ல. ஏர் ஃப்ளோ சென்சார் கோட் வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம், அதற்குப் போகும் வயரை எலி கடித்திருக்கலாம், ஏர் ஃபில்டர் மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம். நான்காயிரம் ரூபாய் சென்சாரை மாற்றிவிட்டு, மறுநாள் அதே விளக்கு எரிவதைப் பார்க்கும் கார்க்காரர்கள் ஏராளம்.

கார்களில் இந்த மொழி சாமானியர் கைக்கு வந்ததற்கு எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன கனடா கம்பெனி முக்கிய காரணம். அவர்களுடைய எல்ம்327 சிப்பின் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடவில்லை. சீனாவில் அதை அச்சடித்துத் தள்ளினார்கள். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டர்கள் அதன் வாரிசுகள். பலவற்றின் மேல் '1.5' என்று போட்டிருக்கும். எல்ம் கம்பெனி அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை.

லாரிக்கு வேறு மொழி. பாஷ் கம்பெனி 1986ல் டெட்ராய்ட்டில் வெளியிட்ட 'கேன்' என்ற இரண்டு வயர் வலையமைப்பின் மேல், கனரக வண்டிகளுக்காக ஜே1939 என்ற விதிமுறையை அமெரிக்காவில் எழுதினார்கள். இதில் கோளாறு இரண்டு எண்ணாக வரும். எது கெட்டது என்பதற்கு எஸ்.பி.என்., எப்படிக் கெட்டது என்பதற்கு எஃப்.எம்.ஐ. எஸ்.பி.என். 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 190 இன்ஜின் சுற்று வேகம். எஃப்.எம்.ஐ. 3 என்றால் வோல்டேஜ் மேலே போய்விட்டது, 4 என்றால் கீழே விழுந்துவிட்டது, 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது வயர் அறுந்திருக்கிறது. முதல் எண்ணுக்கு 19 பிட், இரண்டாவதுக்கு 5, எத்தனை தடவை வந்தது என்பதற்கு 7, மிச்சம் ஒன்று. மொத்தம் 32 பிட், நான்கே பைட். எனக்கு இந்த அமைப்பு மேல் ஒரு தனிப் பிரியம். 'எது', 'எப்படி' என்று பிரித்ததில் பழைய மெக்கானிக்கின் யோசனை அப்படியே இருக்கிறது. 110, 4 என்று வந்தால் இன்ஜின் சூடாகவில்லை. சென்சார் வயர் எங்கேயோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. ரேடியேட்டரைக் கழற்றவே வேண்டாம்.

இந்தியாவுக்கு இது காலண்டர்படி வந்தது. 2000ல் ஐரோப்பிய விதிகளை ஒட்டிய முதல் புகை விதி. கார்களுக்கு ஓ.பி.டி. முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. லாரிக்கு உண்மையான அதிர்ச்சி 2017ல். மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டி எதையும் விற்கக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. கம்பெனிகள் கையில் எட்டு லட்சத்துக்கும் மேல் வண்டிகள் தேங்கியிருந்தன. இரண்டு நாள் நாடு முழுக்க ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம். அதற்கு அடுத்த படி இன்னும் பெரியது. பி.எஸ்.5ஐத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பி.எஸ்.6. கொரோனா ஊரடங்குக்கு நடுவில் வந்ததால் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

எண்ணைப் பார்த்தால் குதித்த உயரம் தெரியும். கனரக டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு விடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு பி.எஸ்.3ல் 5 கிராம், பி.எஸ்.4ல் 3.5 கிராம், பி.எஸ்.6ல் அரை கிராமுக்கும் கீழே. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்காக இருந்தது, 50 ஆகி, 10 ஆனது. பம்ப்பை ஏற்றி இறக்கி எட்டக்கூடிய அளவா இது? இல்லைங்க. சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு சின்ன ரசாயன ஆலையே வைக்கவேண்டியதாயிற்று.

பி.எஸ்.4 காலத்தில் இரண்டு பெரிய கம்பெனிகளும் வேறுவேறு வழியில் போயின. டாடா பெரிய லாரிகளில் யூரியா தெளிக்கும் எஸ்.சி.ஆர். முறையை எடுத்துக்கொண்டது. அசோக் லேலண்ட் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விடும் முறையில், யூரியாவே வேண்டாம் என்று சொல்லி விற்றது. பி.எஸ்.6ல் அந்த வாய்ப்பும் போய், பெரிய வண்டிகள் எல்லாவற்றிலும் யூரியா டேங்க் ஏறியது. நம் டிரைவர்கள் இதை 'யூரியா' என்றோ 'ஆட்புளூ' என்றோதான் சொல்கிறார்கள். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். சூடான புகையில் தெளித்தால் அமோனியாவாக மாறி, கேட்டலிஸ்ட்டில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாகப் போகும்.

யூரியா மூட்டை பார்க்காத விவசாயக் குடும்பம் எங்கள் பக்கம் ஏது? மானிய விலையில் 45 கிலோ மூட்டை கிடைக்கிறது. கேன் கேனாக விலை கொடுத்து வாங்கும் அதே சாமானை வீட்டிலேயே கரைத்துவிடலாமே என்று தோன்றுவது இயற்கை. ஆனால் இந்தியாவில் வயலுக்கு விற்கும் யூரியா 2015லிருந்து முழுக்க வேப்பெண்ணெய் பூசியது. பயிருக்கு மெதுவாகக் கிடைக்கணும், தொழிற்சாலைக்குக் கடத்தக்கூடாது என்ற இரண்டு காரணத்துக்காகப் பூசியது. அந்த எண்ணெயும், உர யூரியாவில் இருக்கும் பையூரெட் என்ற கசடும் சேர்ந்து ஊசி போன்ற தெளிப்பானை அடைத்து, கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிடும். போதாததற்கு பி.எஸ்.6 வண்டியில் கேட்டலிஸ்ட்டின் முன்னும் பின்னும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் எஸ்.பி.என். 4364 எழும். உரக் கடை மூட்டையால் மிச்சமான பணத்தைப்போலப் பல மடங்கு அந்த ஒரு எண்ணில் போய்விடும்.

அதோடு நிற்காது. இந்த விதிகளுக்கு மூலமான ஐரோப்பிய ஏற்பாட்டில் விளக்குக்கு அடுத்து தண்டனை இருக்கிறது. யூரியா டேங்க் காலியாகப்போனால் முதலில் எச்சரிக்கை. பிறகு இன்ஜினின் இழுவிசையில் கால்வாசியைக் கம்ப்யூட்டரே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் அசையவில்லை என்றால் கடைசியில் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். விதி எழுதியவர்கள் கோணத்தில் இது நியாயம்; தண்டனை இல்லாத விளக்கை எவரும் மதிப்பதில்லை. சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் தொப்பூர் கணவாய் ஏறும் டிரைவர் கோணத்தில் பாருங்கள். பின்னால் பாரம், ஏற்றத்தில் திடீரென்று இழுவை இல்லை, வரிசையாகப் பின்னால் வண்டிகள். காரணம் யூரியா தீர்ந்ததாகக்கூட இருக்காது, லெவல் சென்சாரின் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கும்.

2021 கடைசியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, தென்கொரியாவில் லாரிகள் நின்றுவிடுமோ என்ற நிலைமை வந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ராணுவ விமானத்தில் யூரியா கரைசல் கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்து ஒரு சென்சாரின் அளவீட்டில் தொங்குகிறது என்பதை உலகம் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

நாமக்கல்லுக்கே உரிய இரண்டு சங்கதிகளைப் பார்ப்போம். முதலாவது கேஸ் டேங்கர். பி.எஸ்.6 வண்டியில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பினால் 550, 600 டிகிரி வரை சூடாக்கி உள்ளேயே எரித்துவிடும். இதை ரீஜென் என்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது இது தானாக நடந்துவிடும், டிரைவருக்குத் தெரியாது. எரிவாயு நிரப்பும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதற்காக ரீஜென்னைத் தற்காலிகமாகத் தடுக்கும் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பிளான்ட்டுக்குள் தடுத்துவிட்டு வெளியே வந்ததும் எடுத்துவிடணும். எடுக்க மறந்தால் கரி நிரம்பிக்கொண்டே போகும், விளக்கு எரியும், அப்புறம் வண்டியை ஓரம் நிறுத்தி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு எரிக்கணும். காய்ந்த புல் மேலேயோ சோளத்தட்டுப் போர் பக்கத்திலோ நிறுத்தி அதைச் செய்யக்கூடாது.

இரண்டாவது வெல்டிங். பாடி கட்டுவது என்றாலே வெல்டிங்தான். இரும்பு பம்ப் காலத்தில் எர்த் கிளிப்பை சேசிஸில் எங்கே மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. இப்போது அதே சேசிஸ்தான் கம்ப்யூட்டருக்கும் எர்த். வெல்டிங் கரன்ட் நூறு ஆம்பியருக்கு மேல். அது திரும்பிப் போக எந்த வழி எளிதோ அந்த வழியில் போகும். கம்ப்யூட்டர் வழியாகப் போனால் புது வண்டி ரோட்டுக்கு வரும் முன்பே கோளாறோடு வரும். பேட்டரி முனைகளைக் கழற்று, கம்ப்யூட்டர் கனெக்டரைக் கழற்று, வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் எடு என்பது எல்லாக் கம்பெனியின் பாடி கட்டும் கையேட்டிலும் இருக்கும் விதி. லைட்டுக்கும் ஹாரனுக்கும் கைக்குக் கிடைத்த வயரில் ஜாயின்ட் போட்ட பழக்கமும் இதனால் போகவேண்டியிருக்கிறது.

முதலில் சொன்ன ஸ்பேனர் வித்தைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. 1995ல் ஜப்பானில் டென்சோவும் 1997ல் ஐரோப்பியக் கார்களில் பாஷும் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தன. அதில் டீசல் பைப்பில் நிற்கும் அழுத்தம் 1,500 பாருக்கும் மேல், புது வண்டிகளில் இன்னும் அதிகம். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். ஓடும் இன்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால் வரும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும்; உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்கும்படி ஆகலாம். தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் அப்படியே ஆபத்தாக மாறியதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது. அதே வேலையை ஸ்கேனர் செய்யும்: ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்தி, சத்தத்தைக் கேட்கலாம். யோசனை அதேதான், ஸ்பேனருக்குப் பதில் பட்டன்.

அந்தப் பட்டன் யாரிடம் இருக்கிறது என்பதுதான் சண்டை. பொதுக் கோட்களைப் படிக்க எந்த ஸ்கேனரும் போதும். ஆனால் புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன் மேல் பொறித்த எழுத்தெண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். நின்ற இடத்தில் ரீஜென் செய்யச் சொல்லணும். கம்பெனிக்கே உரிய கோடின் அர்த்தம் தெரியணும். இதற்கெல்லாம் கம்பெனி மென்பொருள் வேண்டும். 2011ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம், கார் கம்பெனிகள் உதிரி பாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்று புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டு, அவற்றை வெளிச் சந்தையில் தரவேண்டும் என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் மோட்டார் வாகனமும் உண்டு, விவசாயக் கருவியும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே இதைச் சட்டமாக்கிவிட்டது. போட்டி ஆணையத்தின் தீர்ப்பு கார்களைப் பற்றியது, லாரியைப் பற்றியதல்ல என்பதை லாரி ஊர்க்காரர்கள் கவனிக்கணும்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் சென்சாரையே ஏமாற்றும் பெட்டிகளை மாட்டுவார்கள் என்கிறார்கள். உலகம் முழுக்க அப்படிப் பெட்டிகள் விற்கின்றன. யூரியா இல்லாமலே இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். நம் ஊர்ப் புகைச் சோதனையில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு அதில் அகப்படாது. வாதம் சரிதான். ஆனால் இந்த ஏமாற்றில் உலக சாதனை எந்தப் பட்டறைக்காரருடையதும் அல்ல. சோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியும் ரோட்டில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருளை ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்களில் ஏற்றியது வோக்ஸ்வாகன். 2015 செப்டம்பரில் அது வெளியே வந்ததற்குக் காரணமான மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இருவர் இருந்தார்கள். அந்தக் கார்கள் எதிலும் மஞ்சள் விளக்கு எரியவில்லை.

2023 ஏப்ரலில் பி.எஸ்.6 இரண்டாம் கட்டம் வந்து, விளக்கு எரியவேண்டிய எல்லைகள் இன்னும் இறுகின. பம்ப் ரூம்களில் பழைய டெஸ்ட் பெஞ்ச்சுக்குப் பக்கத்திலேயே லேப்டாப் வந்துவிட்டது. பழைய மொழி தெரிந்தவர்களும் புது மொழி தெரிந்தவர்களும் ஒரே பட்டறையில் இருக்கும் காலம் இன்னும் பத்து வருஷம் ஓடலாம். என் குறிப்புகளில் பெரிய ஓட்டை பழைய பக்கத்தில்தான் இருக்கிறது. 1990க்கு முந்தைய பம்ப் ரூம் கணக்கு நோட்டு, தமிழில் அச்சடித்த டீசல் இன்ஜின் கையேடு, மைக்கோ பயிற்சிப் புத்தகம் எதாவது யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க. வந்து ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்.